பூசணம் பூத்த சுவருக்குப் பொறுப்பு யார்? – மன்னார்குடி வாடகைக் குடித்தனக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

வீட்டு உரிமையாளர்கள், மன்னார்குடி நகராட்சி, திருவாரூர் மாவட்ட நிர்வாகம், தமிழ்நாடு அரசு ஆகியோர் முன் வைக்கப்படுவது.

முகவுரை

மன்னார்குடி நகராட்சி எல்லைக்குள் வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள் இந்தச் சாசனத்தை ஊரின் முன் வைக்கிறோம். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு. ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காகக் கோட்டூர், வடுவூர்ப் பக்கத்துக் கிராமங்களை விட்டு டவுனுக்குக் குடிவந்தவர்கள் உண்டு. வேலை ஓய்வுக்குப் பிறகு ஒரு போர்ஷனில் காலம் தள்ளும் முதியவர்களும் உண்டு.

மன்னார்குடி மதில் அழகு என்று சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. இந்த ஊரில் மழைக்காலம் தோறும் நாங்கள் குடியிருக்கும் சுவர்கள் ஊறுகின்றன, உதிர்கின்றன, கறுக்கின்றன. அந்தக் கறுப்புக்கான பழி மட்டும் எங்கள் மேல் விழுகிறது.

எங்கள் கோரிக்கைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுவரில் பூசணம் பூத்தால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது யாருடைய பொறுப்பில் உள்ள வழியாக வந்ததோ, அவர் அதைச் சரிசெய்யட்டும். கட்டடத்தின் வழியாக வந்தால் வீட்டு உரிமையாளர். தெருவின் வழியாக வந்தால் நகராட்சி. எங்கள் புழக்கத்தால் வந்தால் நாங்கள்.

1. நிலவரம்

குறுவை அறுவடை முடிந்து, சம்பாவும் தாளடியும் நின்று, வயலும் வாய்க்காலும் தண்ணீரால் நிறைந்திருக்கும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் பெய்த பிறகு, எங்கள் வீடுகளில் எதிலாவது நுழைந்து பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவுக்குச் சுவர் நனைந்திருக்கும். நனைந்த இடம் முடியும் விளிம்பில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு ஓடும். விரல் வைத்தால் பூச்சு மாவாகக் கொட்டும். அந்தக் கோட்டுக்கு மேலே, பீரோ மறைத்திருந்த காற்றுப்படாத இடமெல்லாம் கறுப்புப் பூசணம். பீரோவின் பின்தகட்டில் துரு ஏறியிருக்கும். கீழ்த்தட்டில் வைத்த கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். பிள்ளைகளின் மார்க் ஷீட் வைத்த ஃபைலைத் திறந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் எங்களுக்குக் கிடைக்கும் பதில்கள் மூன்று. “ஜன்னலத் தொறந்து வச்சா இதெல்லாம் வராது.” “இதுக்கு முன்னாடி குடியிருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே.” “புடிக்கலன்னா வேற வீடு பாத்துக்குங்க.”

வேறு வீடு பார்த்துக்கொண்டு காலி செய்யும்போது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். அதே சுவருக்குப் புட்டி வைத்து, பெயிண்ட் அடித்து, சித்திரையில் அடுத்த குடும்பத்துக்குக் காட்டுகிறார்கள். வெயில் காலத்தில் வீடு பளிச்சென்று இருக்கிறது. கார்த்திகை வந்ததும் கறுப்பு திரும்ப வருகிறது. புதிதாக வந்தவர்களும் அதே மூன்று பதில்களைக் கேட்கிறார்கள்.

இது வீட்டு அழகைப் பற்றிய மனக்குறை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்களுக்குச் சுவாசக் கோளாறுகளும், சுவாசத் தொற்றும், ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா தீவிரமாவதும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு வீசிங் வந்து நெபுலைசர் வைக்க ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2. தண்ணீர் வரும் வழிகள்

பூசணத்தின் விதை காற்றில் எங்கும் இருக்கிறது. அதைத் தடுக்க எவராலும் முடியாது. அது வேர்பிடிக்கத் தேவையானது ஈரம். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளில் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை, உலராவிட்டால் பிடிக்கும். ஆகவே கேள்வி சுத்தத்தில் தொடங்க முடியாது, ஈரத்தில்தான் தொடங்க வேண்டும். வயலில் தேவையில்லாமல் தண்ணீர் ஏறினால் எந்த மடை உடைந்தது, எந்த வரப்பு கசிகிறது என்று தேடிப்போவது டெல்டாக்காரர்களின் பழக்கம். யாரும் பயிரைக் குற்றம் சொல்வதில்லை. வீட்டுக்கும் அந்த நியாயம்தான் வேண்டும்.

எங்கள் வீடுகளில் தண்ணீர் ஐந்து வழிகளில் வருகிறது.

*கீழிருந்து.* பேஸ்மட்டத்தில் ஓதத் தடுப்பு இல்லாமல் கட்டிய செங்கல் சுவர், களிமண் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மூன்றடி, நாலடி உயரம்வரை ஏற்றும். மண்ணில் உள்ள உப்பும் கூடவே ஏறும். ஊரின் பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு ஏறிய ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசி, புட்டி வைத்து, எமல்ஷன் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இடுப்புயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்தால், டைல்ஸைத் தாண்டி அதற்கு மேலே தலைகாட்டும். மறைப்பதற்குச் செய்த செலவே நோயை வளர்க்கிறது.

*மேலிருந்து.* மெட்ராஸ் டெரஸில் விழுந்த விரிசல், ஓட்டு வீட்டில் நகர்ந்த ஓடு, கான்கிரீட் தளத்தில் தட்டோட்டின் இடுக்கு, சருகு அடைத்த மழைநீர்த் தாரை, கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்துக் கூரைகளைப் பிய்த்து எறிந்தது. அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலையோடு இன்றும் நிற்கும் கூரைகள் எங்கள் தெருக்களில் உண்டு.

*சுவருக்குள்ளிருந்து.* சுவரில் புதைத்த குழாயின் கசிவு. படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் உள்ள குளியலறை. மாடிப் போர்ஷனின் கழிவுநீர்க் குழாய்.

*தெருவிலிருந்து.* ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று படி இறங்கிப் போகிறோம். தூர்வாராத சாக்கடை நிரம்பினால் அந்தத் தண்ணீர் வாசலுக்கு வந்து அஸ்திவாரத்தில் இறங்குகிறது.

*புழக்கத்திலிருந்து.* சமையல் ஆவி, குளியலறை ஈரம், மழை நாளில் கூடத்தில் கொடி கட்டி உலர்த்தும் துணி. இதில் எங்கள் பங்கு உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் ஜன்னலைத் திறக்க முடியாது. முற்றம் வைத்துக் கட்டிய பெரிய வீட்டை நாலு போர்ஷனாகத் தடுத்து, முற்றத்தின் மேல் தகரம் போட்டு மூடிய பிறகு காற்று எங்கிருந்து வரும்?

குளிர்தேசங்களில் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிப் பூசணம் பிடிப்பது அதிகம். எங்கள் ஊர்ச் சுவர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இங்கே சுவர் நனைகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர் சுவரின் வழியாகவே வருகிறது. இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒரு சதுர அடி வெட்டி, சுவரின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கையில் தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து நின்று பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

3. சட்டம் என்ன சொல்கிறது

நாங்கள் சலுகை கேட்கவில்லை. கேட்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், குடிவருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஒன்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. பெயிண்டால் மூடிய ஓதச் சுவர் இப்படிப்பட்ட குறை இல்லையென்றால், வேறு எது குறை?

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரே வாடகை அதிகாரியாக இருக்க முடியும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைச் செப்பனிட வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சார வயரிங் இவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. உரிமையாளர் செப்பனிட மறுத்தால் குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போய், எழுதிக் கேட்டும் உரிமையாளர் செய்யவில்லை என்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். வாடகை அதிகாரியிடமும் போகலாம்.

வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று அட்டவணையிலேயே இருக்கும்போது, எங்கள் அட்வான்ஸிலிருந்து அதற்காக ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எந்த நியாயம்?

ஆயினும் அட்டவணையில் ஓதம் என்ற சொல் இல்லை, ஒழுகல் இல்லை, பூசணம் இல்லை. எத்தனை நாளுக்குள் செப்பனிட வேண்டும் என்ற கெடுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் “நீங்கதான் சரியா வச்சுக்கல” என்ற பதில் நுழைகிறது.

இந்தப் பதில் ஓர் உயிரையே வாங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. குடியிருந்த வாடகை வீட்டின் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்தபோது, அவர்கள் வீட்டில் புழங்கும் விதத்தின் மேல்தான் பழி போடப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வாடகை வீடுகளில் உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வும் பாதுகாப்பு ஏற்பாடும், கடுமையான ஈரமும் பூசணமும் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆய்வும், அதன்பின் 5 வேலைநாளுக்குள் பாதுகாப்பு ஏற்பாடும் செய்தாக வேண்டும். இங்கே ஒரு குழந்தையின் பெயரால் சட்டம் வரும்வரை காத்திருக்க நாங்கள் தயாராக இல்லை.

4. எங்கள் கோரிக்கைகள்

*அ. வீட்டு உரிமையாளர்களிடம்*

1. வீடு காட்டும்போதே உண்மையைச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்த மூலையில் ஒழுகும், கடைசியாக எப்போது செப்பனிட்டீர்கள் என்பதை அட்வான்ஸ் வாங்கும் முன் எழுதிக் கொடுங்கள்.

2. குடிவரும் நாளன்று இருவரும் சேர்ந்து ஒவ்வொரு சுவரையும் தளத்தையும் பார்த்து, தேதியோடு போட்டோ எடுத்து, ஒப்பந்தத்தோடு ஓர் ஈரப் பதிவு இணைக்க வேண்டும். காலி செய்யும் நாளில் அதையே எடுத்துப் பார்த்துக் கணக்கு முடிக்க வேண்டும்.

3. வாட்ஸ்அப்பில் போட்டோவோடு அனுப்பிய புகாரையும் எழுத்துப்பூர்வப் புகாராக ஏற்க வேண்டும். தளக்காரை பெயர்ந்து விழுவது, சுவிட்ச் போர்டில் தண்ணீர் இறங்குவது போன்ற ஆபத்துக்கு 24 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். மற்ற ஈரப் புகார்களுக்கு 7 நாளில் நேரில் பார்த்து, 15 நாளில் தற்காலிக ஏற்பாடாவது செய்ய வேண்டும்.

4. மழைக்காலத்தில் பார்த்து எழுதிய குறையைக் கோடையில் நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும். நனைந்த சுவரில் எந்த மேஸ்திரியும் ஓத வேலை செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆகவே கார்த்திகையில் கணக்கெடுப்பு, ஆனி முடிவதற்குள் வேலை என்று கெடு வைக்கிறோம். உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுப்பது, பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுவது, தட்டோடு மாற்றித் தளத்துக்கு வாட்டம் சரிசெய்வது, தாரையைச் சுத்தம் செய்வது ஆகியவை அந்தக் காலத்துக்குள் முடிய வேண்டும்.

5. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே பெயிண்டும் டைல்ஸும் போட்டு மறைக்கக் கூடாது.

6. வெள்ளையடிப்புக்கென்று அட்வான்ஸில் பிடித்தம் செய்வதை நிறுத்த வேண்டும். நாங்கள் ஆணியடித்து உடைத்தது, கிறுக்கியது, கறைப்படுத்தியது எதுவோ அதற்கு மட்டும் பில்லோடு பிடியுங்கள்.

7. ஓர் அறை குடியிருக்க முடியாமல் போனால், அது சரியாகும்வரை வீட்டில் அந்த அறையின் பங்குக்கு ஏற்ப வாடகையைக் குறைக்க வேண்டும். எழுதிக் கொடுத்த புகாரைக் கவனிக்காமல் விட்டதால் எங்கள் சாமான் பாழானால் ஈடு தர வேண்டும்.

8. புகார் சொன்னதற்காகக் காலி செய்யச் சொல்வதும், தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் கூடாது. செப்பனிட்டதைக் காரணம் காட்டி வாடகை ஏற்றவும் கூடாது. புதிதாக ஓர் அறை கட்டினால், கழிப்பறை சேர்த்தால், அதைப் பற்றித் தனியே பேசிக்கொள்ளலாம்.

*ஆ. வாடகை அதிகாரியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும்*

9. கடையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலையும் நிலை எங்களில் பலருக்கு இல்லை. ஈரம், ஒழுகல் புகார்களை அக்டோபர் முதல் ஜனவரி வரை மன்னார்குடியிலேயே வாரம் ஒரு நாள் கேட்க வேண்டும்.

10. புகார் வந்த 15 நாளுக்குள் பொறியாளர் ஒருவர் ஈரமானியோடு நேரில் வந்து, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைத் தமிழில் எழுதி இரு தரப்புக்கும் தர வேண்டும். மழைக்காலப் புகாரை மாசியில் வந்து பார்த்தால் சுவர் காய்ந்திருக்கும், சாட்சியும் காய்ந்திருக்கும்.

11. எங்களில் பலர் வாய்ப்பேச்சில் குடியிருக்கிறோம். பதிவு செய்யாதது எங்கள் தவறு மட்டும் இல்லை. வார்டுதோறும் பதிவு முகாம் நடத்துங்கள். அதுவரை வாடகை ரசீது, ஜிபே கணக்கு, பள்ளிச் சேர்க்கை முகவரி ஆகியவற்றை ஆதாரமாக ஏற்றுப் புகாரைக் கேளுங்கள்.

12. ஈரப் பதிவும் செப்பனிடும் கெடுவும் சேர்ந்த மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எளிய தமிழில் அச்சிட்டு, பத்திரம் எழுதுபவர்களிடமும் இ-சேவை மையங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

*இ. நகராட்சியிடம்*

13. புதுச் சாலை போடும் முன் பழைய சாலையைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று தலைமைச் செயலாளரே 2021-இல் உத்தரவிட்டார். மன்னார்குடியின் எந்தத் தெருவிலும் அதை மீறிச் சாலை போடக் கூடாது. சாலை மட்டத்தை முன்னும் பின்னும் அளந்து, அந்த அளவைத் தெருவிலேயே எழுதி வைக்க வேண்டும்.

14. ஏற்கெனவே தெருவை விடத் தாழ்ந்துபோன வீடுகளைக் கணக்கெடுத்து, அந்தத் தெருக்களுக்கு வடிகால் வேலையில் முதலிடம் தர வேண்டும்.

15. புரட்டாசி முடிவதற்குள் எல்லாச் சாக்கடைகளையும் தூர்வார வேண்டும். வாரிய சேற்றை வீட்டுச் சுவரோரம் குவித்துவிட்டுப் போகக் கூடாது.

16. வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது பேஸ்மட்ட ஓதத் தடுப்பையும் காற்றோட்டத்தையும் பார்த்தே கொடுக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் ஜன்னல் முதலிய திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. பழைய வீட்டைப் போர்ஷன்களாகத் தடுக்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும்.

*ஈ. தமிழ்நாடு அரசிடம்*

17. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைத் திருத்துங்கள். ஓதம், தள ஒழுகல், சுவருக்குள் குழாய்க் கசிவு, இவற்றால் வரும் பூசணம் என்று பெயர் சொல்லி உரிமையாளரின் பொறுப்பில் எழுதுங்கள். போதிய ஜன்னலும் காற்றோட்டமும் உள்ள வீட்டில் புழக்கத்தால் வரும் பூசணத்தைக் குடியிருப்பவரின் பொறுப்பில் எழுதுங்கள். எங்கள் பங்கையும் சேர்த்தே எழுதச் சொல்கிறோம்.

18. மூன்றாம் கோரிக்கையில் சொன்ன கெடுக்களைச் சட்ட விதிகளாக்குங்கள். புகார் கொடுத்த ஓராண்டுக்குள் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொன்னால், அது புகாருக்கான பழிவாங்கல் இல்லை என்று காட்டும் பொறுப்பு உரிமையாளருடையதாக இருக்கட்டும்.

19. இந்த ஊரின் உரிமையாளர்கள் எல்லோரும் வசதிக்காரர்கள் இல்லை. முன்பக்கப் போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் பின்கட்டில் மருந்து மாத்திரை வாங்கிக்கொண்டு இருக்கும் கைம்பெண்களை எங்களுக்குத் தெரியும். தளம் மாற்றும் செலவு அவர்களின் பல மாத வாடகையை விழுங்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் வழியே குறைந்த வட்டியில் ஓத வேலைக் கடனும், வேலை முடித்த ஆண்டில் சொத்து வரித் தள்ளுபடியும் தாருங்கள்.

20. கோயில் மனைகளில் உள்ள வீடுகளில் மனை ஒருவருடையது, கட்டடம் ஒருவருடையது, குடியிருப்பவர் மூன்றாமவர். செப்பனிட அனுமதி தேவைப்படும் இடங்களில் விண்ணப்பித்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அனுமதி வரவில்லை என்ற காரணத்தால் யாரும் ஒழுகும் தளத்தின் கீழ் இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்கக் கூடாது.

21. மூச்சிரைப்போடு வரும் குழந்தையின் வீட்டில் ஓதமோ பூசணமோ உண்டா என்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கேட்டுச் சீட்டில் குறிக்க வேண்டும். அந்தச் சீட்டோடு வரும் புகாரை வாடகை அதிகாரி முதலில் எடுக்க வேண்டும்.

5. நாங்கள் ஏற்கும் பொறுப்புகள்

உரிமை கேட்பவர்கள் கடமையைச் சொல்லாமல் விட்டால் கோரிக்கை நிற்காது. ஆகவே இவற்றை ஏற்கிறோம்.

சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஜன்னலையும் வென்டிலேட்டரையும் திறந்து வைப்போம். மழை விட்ட நேரமெல்லாம் கதவு ஜன்னலைத் திறந்து காற்று விடுவோம். ஈரத் துணியைப் படுக்கையறையில் உலர்த்துவதை முடிந்தவரை தவிர்ப்போம். பீரோ, கட்டில், அரிசி டின் எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி வைப்போம். அட்டைப்பெட்டிகளை மூலையில் அடுக்கிக் காற்றை அடைக்க மாட்டோம். குழாயில் சொட்டும் வாஷரை நாங்களே மாற்றுவோம். வடிகாலை அடைக்காமல் வைத்திருப்போம்.

மழைக்காலக் காற்றே ஈரமானது. செருப்பிலும் பெல்ட்டிலும் மரச்சாமானிலும் லேசாகப் படரும் பூசணத்துக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட மாட்டோம். துடைத்து வெயில் கண்டதும் காயவைப்போம். ஆனால் சுவரில் ஈரம் கண்டால் அன்றே எழுதித் தெரிவிப்போம். சின்னக் கசிவைச் சொல்லாமல் மூன்று மாதம் விட்டு அது பெரிதானால், அதில் எங்கள் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். செப்பனிட மேஸ்திரி வரும் நாளில் சாமானை நகர்த்தி இடம் கொடுப்போம். வாடகையை மாதம் தவறாமல் தருவோம். சட்டம் அனுமதிக்கும் வழியில் அல்லாமல் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டோம்.

6. அடுத்து என்ன

ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரியவர் யார் என்று மேலே எழுதியிருக்கிறோம். இவற்றில் முதல் எட்டுக்கும் எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒரு தாளை முன்னால் வைத்து உட்கார்ந்து பேசினால் போதும். நகராட்சிக்கும் வாடகை அதிகாரிக்கும் நாங்கள் வைப்பவை பெரும்பாலும் அவர்களின் இன்றைய அதிகாரத்துக்குள் அடங்குபவை. அரசிடம் கேட்பவற்றுக்குத்தான் கோட்டைக்குப் போக வேண்டும், அதற்கும் போவோம்.

வரும் ஐப்பசிக்கு முன், மன்னார்குடியின் வீட்டு உரிமையாளர்கள், வாடகைக் குடித்தனக்காரர்கள், நகராட்சிப் பொறியாளர், வாடகை அதிகாரி ஆகிய நாலு தரப்பும் ஒரே இடத்தில் அமர்ந்து பேசும் கூட்டம் ஒன்றை நகராட்சி கூட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஈரப் பதிவின் மாதிரியையும் செப்பனிடும் கெடுக்களையும் முடிவு செய்து, நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கூட்டம் கூடாவிட்டாலும் எங்கள் பங்கை இந்த மழையிலேயே தொடங்குவோம். வீடுவீடாக ஈரப் பதிவு எடுப்போம். தேதியும் போட்டோவும் வைத்து, தண்ணீர் வந்த வழியைக் குறித்து, உரியவரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குவோம். தை பிறந்ததும் அந்தப் பதிவுகளோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரைச் சந்திப்போம். ஆனி முடிவில் எத்தனை சுவர்கள் சரியாயின, எத்தனை ஆகவில்லை என்ற கணக்கை ஊரறியச் சொல்வோம்.

வாடகை என்பது உலர்ந்த சுவருக்கும் ஒழுகாத கூரைக்கும் நாங்கள் மாதம் தவறாமல் கொடுக்கும் விலை. அந்த விலைக்குரிய வீட்டைத்தான் கேட்கிறோம்.

இந்தச் சாசனத்தை ஏற்கும் குடித்தனக்காரர்களும், இதில் நியாயம் இருக்கிறது என்று கருதும் வீட்டு உரிமையாளர்களும் கீழே கையெழுத்திடுமாறு அழைக்கிறோம்.

மன்னார்குடி வாடகைக் குடித்தனக்காரர்கள்